அமில உணவு சாப்பிட்டால் உணவுக்குழாயில் புற்று வருமா? – ஒரு பட்டியலைச் சோதித்துப் பார்த்தது

கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்க சித்தப்பா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு லேமினேட் பண்ணின தாள் ஒட்டியிருக்கும். இடது பக்கம் சிவப்புக் கட்டத்தில் "அமில உணவுகள்", வலது பக்கம் பச்சைக் கட்டத்தில் "கார உணவுகள்". கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: அமிலமான உடம்பில்தான் புற்றுநோய் வளரும், இதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று எதுவும் இருக்காது. யாரோ ஒரு முகாமில் கொடுத்தது. அதே தாள் போட்டோவாக எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை வரும்.

சித்தப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர் திராட்சைதான். நெஞ்செரிச்சல், "கேஸ்" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். பட்டியல் கைக்கு வந்ததும் தக்காளியை விட்டார், புளியை விட்டார், தன் தோட்டத்துத் திராட்சையையே விட்டார். காலையில் வெறும் வயிற்றில் சோடா உப்புத் தண்ணீர். பீடியும், போகணியில் இருந்து இறக்கின சூட்டோடு குடிக்கிற டீயும், சாப்பாட்டுக்கு அப்புறம் புகையிலை வைத்த வெற்றிலையும் அப்படியே இருந்தன. அவை பட்டியலில் இல்லை.

அந்த வருஷம் ஆடி மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பரோட்டா கறி எல்லாம் இறங்க மாட்டேங்குதுப்பா. அமிலம் கூடிப்போச்சு போல. இட்லியா முழுங்கிக்கிறேன். கீரை நெறைய எடுத்துக்கிறேன், அம்புட்டும் சரியாயிரும்." நான் என்ன சொன்னேன்? "கீரை நல்லதுதான் சித்தப்பா" என்றேன். அதோடு விட்டேன். கெட்டியான உணவு இறங்கவில்லை என்று ஐம்பது தாண்டிய, பீடி குடிக்கிற ஒருவர் சொன்னால் மறுநாளே எண்டோஸ்கோப்பிக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஐந்து மாசம் கழித்து, கஞ்சியும் இறங்காமல் போன பிறகுதான் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய், செதிள் செல் வகை. அடுத்த ஆடிக்கு அவர் இல்லை.

நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். ஆனால் கட்டுரைகளைத் தேடி, எண்களைச் சரிபார்த்து, எது எதிலிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போகத் தெரியும். சித்தி அந்தத் தாளை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்வதற்கு முன்னால் அது சொல்வது சரியா என்று முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இது அந்தக் குறிப்புகளின் தொகுப்பு.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம்

தமிழில் "காரம்" என்றால் மிளகாயின் உறைப்பு. வேதியியலிலும் "காரம்" என்றால் அமிலத்துக்கு எதிரானது. பட்டியலைப் பார்த்துவிட்டு "கார உணவு நல்லதாம்" என்று பச்சைமிளகாயை அதிகமாகச் சேர்த்த ஒருவரை எனக்குத் தெரியும். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் குழப்பம் அதோடு முடியவில்லை. "அமிலம்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தத் தாள் மூன்று வேறு வேறு விஷயங்களைப் பேசுகிறது. ஒன்று, நாக்கில் புளிக்கிற அமிலம். இரண்டு, வயிற்றில் சுரந்து மேலே எதுக்களிக்கிற அமிலம். மூன்று, உணவு செரித்து முடிந்தபின் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய அமிலச் சுமை. மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் மிகக் குறைவு. ஒன்றைப் பற்றிய ஆதாரத்தை எடுத்து இன்னொன்றின் தலையில் கட்டினால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம்.

இந்த மூன்றாவது அமிலத்துக்குத்தான் "அமிலத்தை உண்டாக்கும் உணவு" என்ற பெயர். கதை பழையது. உணவை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் அமிலத் தன்மை உள்ள தாதுக்கள் அதிகமா, காரத் தன்மை உள்ளவை அதிகமா என்று பார்த்து உணவுகளைப் பிரித்தார்கள். ஷெர்மன், கெட்லர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1912-லேயே இதைக் கணக்காக வெளியிட்டார்கள். 1995-ல் ஜெர்மனியின் தாமஸ் ரெமர், ஃப்ரீட்ரிக் மான்ஸ் இருவரும் இதை ஒரு சூத்திரமாக்கினார்கள். அதைச் சுருக்கமாக "பிரால்" என்பார்கள். புரதம் (கிராமில்) பெருக்கல் 0.49, பாஸ்பரஸ் (மில்லிகிராமில்) பெருக்கல் 0.037, இரண்டையும் கூட்டி, அதிலிருந்து பொட்டாசியம் பெருக்கல் 0.021, மெக்னீசியம் பெருக்கல் 0.026, கால்சியம் பெருக்கல் 0.013 ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். விடை கூட்டல் என்றால் அமிலச் சுமை, கழித்தல் என்றால் காரச் சுமை. அவ்வளவுதான்.

கவனியுங்கள், இது சிறுநீரின் அமிலத்தன்மையை முன்கூட்டிச் சொல்ல எழுதப்பட்ட சூத்திரம். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை அங்கேயே பிடித்து வைத்திருக்கின்றன. உணவினால் ஒரு நாளைக்கு வருகிற அமிலம் சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லி ஈக்விவலன்ட் அளவுதான். நாம் மூச்சில் வெளியேற்றும் கரியமில வாயுவோ நாளுக்கு 15,000 மில்லிமோல் அளவில். கீரை தின்று ரத்தத்தைக் காரமாக்கவும் முடியாது, கறி தின்று அமிலமாக்கவும் முடியாது. ரத்தம் நிஜமாகவே அமிலமானால் ஐ.சி.யு.வில் இருப்போம், ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று பட்டியல் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம்.

நோபல் பரிசு பற்றிய வரி

ஓட்டோ வார்பர்க்குக்கு 1931-ல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. அது சுவாச நொதியின் இயல்பையும் செயல்படும் விதத்தையும் கண்டுபிடித்ததற்காக. புற்றுநோய் அமிலத்தில் வளர்கிறது என்பதற்காக இல்லை. அவர் புற்றுச் செல்களையும் ஆராய்ந்தார். ஆக்சிஜன் இருக்கும்போதுகூட அவை சர்க்கரையை லாக்டிக் அமிலமாக நொதிக்க வைக்கின்றன என்று கவனித்தார். அதனால் கட்டியைச் சுற்றியுள்ள இடம் கொஞ்சம் அமிலமாகிறது. அதாவது அமிலம் கட்டி தயாரிக்கிற பொருள். அதுவும் கட்டியைச் சுற்றியுள்ள இடத்தில் மட்டும். நாம் சாப்பிடும் தக்காளிக்கும் அதற்கும் பாதை இல்லை. அடுப்பெரிகிற வீட்டில் புகை வருவதைப் பார்த்துவிட்டு, புகைதான் அடுப்பைப் பற்றவைத்தது என்று சொல்வது மாதிரி இந்த வாதம்.

இந்தக் கருத்தை வைத்துப் பெரிய வியாபாரம் நடத்தியவர் அமெரிக்காவின் ராபர்ட் யங். பிஎச் அதிசயம் என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதி, சிகிச்சை என்று சோடா உப்பை நரம்பு வழியாகவே ஏற்றியவர். உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாக 2016-ல் கலிபோர்னியாவில் தண்டிக்கத்தக்க குற்றவாளி என்று தீர்ப்பானது. 2018-ல் அவரை நம்பிய புற்றுநோயாளி ஒருவருக்கு 105 மில்லியன் டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று இன்னொரு தீர்ப்பு. எங்க ஊர்த் தாளில் இருக்கிற வாசகங்களின் மூதாதை இந்த மாதிரிப் புத்தகங்கள்தான்.

எக்செல்லில் போட்டுப் பார்த்தேன்

சரி, தாளை எழுதியவர் தப்பாக எழுதியிருக்கலாம், கருத்து சரியாக இருக்கலாமே என்று ரெமர்–மான்ஸ் அட்டவணையையே எடுத்து எக்செல்லில் போட்டேன். எல்லாம் 100 கிராமுக்கு.

தக்காளி கழித்தல் 3.1. எலுமிச்சைச் சாறு கழித்தல் 2.5. உலர் திராட்சை கழித்தல் 21. பாலக் கீரை கழித்தல் 14. வாழைப்பழம் கழித்தல் 5.5. மறுபக்கம் முட்டை கூட்டல் 8.2, கோழிக்கறி 8.7, நிலக்கடலை 8.3, பட்டை தீட்டாத அரிசி 12.5.

முதல் அதிர்ச்சி: சித்தப்பா விட்ட தக்காளியும் பழங்களும் அந்தக் கொள்கைப்படியே காரப் பக்கம் இருப்பவை. தாளை எழுதியவர் புளிப்பு எல்லாம் அமிலம் என்று இடது பக்கம் போட்டுவிட்டு, எலுமிச்சையை மட்டும் எங்கேயோ படித்து வலது பக்கம் வைத்திருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையும் வாழையும் விளைவிக்கிற ஒரு விவசாயி, புற்றுநோய்க்குப் பயந்து தன் பழத்தைத் தானே தொடாமல் இருந்திருக்கிறார்.

இரண்டாவது அதிர்ச்சிதான் எனக்கு முக்கியம். அதே அட்டவணையில் ரெட் ஒயின் கழித்தல் 2.4. 750 மில்லி பாட்டில் ஒன்று சுமார் கழித்தல் 18, கிட்டத்தட்ட 130 கிராம் பாலக் கீரைக்குச் சமம்! காபி கழித்தல் 1.4. இந்தியத் தேயிலை டீ கழித்தல் 0.3. பீர் வகைக்குத் தக்கபடி பூஜ்ஜியத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பீடிக்கும் புகையிலைக்கும் எண்ணே இல்லை, ஏனென்றால் அவை உணவு இல்லை.

இப்போது உணவுக்குழாய்ப் புற்றுக்கு உறுதியான காரணங்கள் என்னவென்று பாருங்கள். புகையிலை, மது, பாக்கு. டீயின் சூடு உறுதிக்கு ஒரு படி கீழே. இந்த நான்கையும் பார்க்க முடியாத ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு அந்த நோயைத் தேடுவது, டிஸ்க் செத்துக்கொண்டிருக்கும் சர்வரில் சி.பி.யூ. சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு "எல்லாம் பச்சையாக இருக்கிறது" என்று சொல்வது போல. என் வேலையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மீட்டர் பொய் சொல்லாது. அது வேறு எதையோ அளந்துகொண்டிருக்கும்.

ஆய்வுகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. அதனால்தான் "புரளி" என்று ஒரே சொல்லில் தள்ளக் கூடாது என்கிறேன். உருகுவே நாட்டில் ஆல்வரோ ரோன்கோ குழுவினர் பல வகைப் புற்றுநோய்களுக்கு இந்த அமிலச் சுமைக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமிலச் சுமை கூடுதலாக உள்ளவர்களிடம் ஆபத்து அதிகம் என்கிற பக்கம் பேசுகிற கட்டுரைகள் அவை.

ஆனால் இவை எந்த மாதிரி ஆய்வுகள் என்று பார்க்க வேண்டும். நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் உட்கார வைத்து "முன்னால் என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்கும் வகை. உணவுக்குழாய் விஷயத்தில் இதில் ஒரு விசேஷமான சிக்கல் உண்டு. கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல மாதம் முன்பிருந்தே விழுங்குவது கஷ்டம். நார் உள்ள காய், கீரை, பழம் எல்லாம் முதலில் நிற்கும். அதனால் நோய்தான் உணவை மாற்றியிருக்கும். அதற்கு மேல், உருகுவேயில் மாட்டிறைச்சி அதிகம், மாத்தே என்கிற மூலிகை டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குழலில் உறிஞ்சும் பழக்கமும் அதிகம். சூடான மாத்தேயை 1991-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அனேகமாகப் புற்று உண்டாக்கும் என்ற பட்டியலில் சேர்த்தது. கறி நிறைய, காய் குறைய, மாத்தே நிறைய, புகை நிறைய என்று ஒரே மனிதனிடம் எல்லாம் சேர்ந்திருக்கும்போது அவனுடைய பிரால் எண்ணும் கூடித்தான் இருக்கும். புள்ளியியலில் சரிசெய்துவிட்டோம் என்பார்கள். ஓரளவுக்குத்தான் சரிசெய்ய முடியும்.

எனக்குத் தோன்றுவது: பிரால் எண் பெரும்பாலும் காய்கறி–பழம் எவ்வளவு சாப்பிட்டார் என்பதற்கு ஒரு சுற்றுவழி எண். காய் பழம் குறைவாகச் சாப்பிடுவது கெடுதல் என்பதற்கு அமிலக் கொள்கை தேவையே இல்லை. ஃபென்டனும் ஹுவாங்கும் 2016-ல் இதே கேள்வியை முறையாகத் தேடிப் பார்த்தார்கள். 8,278 கட்டுரைக் குறிப்புகளில் தொடங்கி, 252 சுருக்கங்களைப் படித்து, கடைசியில் அவர்களுடைய அளவுகோலுக்குத் தேறியது ஒரே ஒரு ஆய்வு. அது சிறுநீர்ப்பைப் புற்று பற்றியது. அதிலும் தொடர்பு தெரியவில்லை. இவ்வளவு பெரிய சத்தத்துக்கு அடியில் இருந்த அஸ்திவாரம் அவ்வளவுதான்.

எதுக்களிப்பு: அமிலம் நிஜமாகவே குற்றவாளியாக இருக்கும் இடம்

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று. வயிற்று அமிலம் மேலே வந்து உணவுக்குழாயைச் சுடுவது நிஜமான ஆபத்துதான். ஆனால் அது இன்னொரு வகைப் புற்றுக்கு. உணவுக்குழாய்ப் புற்றில் முக்கியமாக இரண்டு வகை. குழாயின் கீழ்ப் பகுதியில், பல வருஷ எதுக்களிப்பில் உள்தோல் மாறி (பாரெட் உணவுக்குழாய் என்பார்கள்), அதிலிருந்து வருவது அடினோகார்சினோமா. மற்றது செதிள் செல் வகை. மேலை நாடுகளில் முதலாவது அதிகமாகிவிட்டது. இந்தியாவில் இன்றும் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

1999-ல் ஸ்வீடனில் லாகர்கிரென் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைக் கத்தி வைத்து அறுத்த மாதிரி காட்டியது. அடிக்கடி எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு அடினோகார்சினோமா வாய்ப்பு 7.7 மடங்கு. நீண்ட காலம் கடுமையாக இருந்தவர்களுக்கு 43.5 மடங்கு. அதே ஆய்வில் செதிள் செல் வகைக்கு எதுக்களிப்போடு தொடர்பே இல்லை. எதுக்களிப்புக்கும் உடல் பருமன், வயிற்றுக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள வால்வின் தளர்ச்சி, சாப்பிட்டவுடன் படுப்பது இவற்றோடுதான் உறவு. பிரால் எண்ணோடு இல்லை. தக்காளியும் புளியும் ஒருவருக்கு நெஞ்செரிச்சலைத் தூண்டினால் அவர் குறைத்துக்கொள்ளட்டும், அது அவருடைய சௌகரியம். அதைப் புற்றுநோய்த் தடுப்பு என்று சொல்லக் கூடாது.

சித்தப்பாவுக்கு வந்தது செதிள் செல் வகை. ஆகவே இருபது வருஷ நெஞ்செரிச்சல்கூட அவருடைய நோய்க்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அவருடைய கவனத்தை அது தப்பான இடத்தில் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். விழுங்க முடியாமல் போனதையும் அதே கணக்கில் எழுதிவிட்டார்.

காரம் அப்பாவியா?

பட்டியலின் பச்சைக் கட்டம்தான் எனக்கு இப்போது அதிக உறுத்தல். உணவுக்குழாய் என்ற உறுப்பைப் பொறுத்தவரை காரம் நண்பன் என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை.

நம் ஊர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தால் இருக்கிற சுண்ணாம்பு, ஒரு மனிதர் தினமும் வாயில் வைக்கிற பொருள்களிலேயே மிகக் கடுமையான காரம். சுண்ணாம்பு பட்டதும் வாயில் பிஎச் ஏறுகிறது. அந்தக் காரச் சூழலில்தான் பாக்கில் உள்ள பாலிஃபீனால்கள் செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிறப்பிக்கின்றன. புகையிலையில் உள்ள நிகோட்டினும் காரத்தில்தான் வேகமாக உள்ளே ஏறும். பாக்கை 2004-ல் சர்வதேச முகமை உறுதியான புற்றுக் காரணி என்று வகைப்படுத்தியது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் தாம்பூலம் உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கும் என்பது அவர்களுடைய பிந்தைய முடிவு. வெற்றிலை இலை மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் உள்ளே மடிப்பதுதான் விஷயம்.

காஸ்டிக் சோடாவைத் தவறுதலாகக் குடித்த குழந்தைகளின் உணவுக்குழாய் வெந்து சுருங்குவது பழைய கதை. அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் போராடி 1927-ல் அந்தப் புட்டிகளில் விஷ எச்சரிக்கை ஒட்டச் சட்டமே வந்தது. அப்படிச் சுருங்கிய குழாயில் பல பத்தாண்டு கழித்துச் செதிள் செல் புற்று வருவது மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது.

இந்தியாவுக்குள்ளேயே இன்னும் பொருத்தமான உதாரணம் காஷ்மீர். அங்கே உணவுக்குழாய்ப் புற்று அதிகம். அங்கே குடிக்கிற நூன் சாய் என்ற உப்பு டீயில் சோடா உப்பு போட்டுக் காய்ச்சுவார்கள். நிறம் ரோஸாக வருவது அதனால்தான். ஸ்ரீநகர் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 703 நோயாளிகளையும் 1,664 மற்றவர்களையும் ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, காரத்தன்மையுள்ள பானங்களுக்கு இந்தப் புற்றில் பங்கு இருக்கலாமா என்று கேட்கிறது. உப்பு டீ அதிகமாகக் குடிப்பவர்களிடம் ஆபத்து அதிகமாக இருந்தது.

இதை வைத்து "காரம்தான் எமன், சோடா உப்பு தொட்டால் புற்று" என்று நான் எழுதினால் தாளை எழுதியவர் செய்த தப்பைத் திருப்பிச் செய்கிறவன் ஆவேன். காஷ்மீர் ஆய்வும் நோயாளிகளைக் கேட்டு எழுதிய வகைதான், அந்த டீ சூடாகவும் இருக்கிறது, ஹூக்காவும் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான்: அமிலம் கெட்டது, காரம் நல்லது என்று பிரித்த கோடு, இந்த உறுப்பின் வாசலில் வந்ததும் அழிந்துபோகிறது.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்?

நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1993-லிருந்து 1999 வரை சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் ஆண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2003-ல் வெளியானது. உணவுக்குழாய்ப் புற்று வந்தவர்கள் மட்டும் 566 பேர். அவர்களில் மிக வலுவான காரணி புகைப்பது. இப்போது புகைப்பவர்களுக்கு ஆபத்து 2.83 மடங்கு. மெல்லுவதும் குடிப்பதும் அதோடு சேரும்போது இன்னும் கூடுகிறது. தேனிக்கு அடுத்த திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2003-லிருந்து கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடு எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து. இப்படிப்பட்ட பதிவேடுகளில் கிடைத்ததை வைத்துத்தான் நாம் எதையாவது உறுதியாகப் பேச முடிகிறது. லேமினேட் தாளுக்குப் பின்னால் இப்படி ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை.

அடுத்தது சூடு. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை 2016-ல் சர்வதேச முகமை, அனேகமாகப் புற்று உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. என்ன பானம் என்பது பொருட்டில்லை, சூடுதான். ஈரானின் கோலஸ்தான் மாகாணத்தில் 50,000 பேரை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஆய்வு இருக்கிறது. இது முன்னாலேயே அளந்து வைத்துக்கொண்டு யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்க்கும் வகை, அதனால் நம்பகம் கூடுதல். டீயின் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்தே அளந்தார்கள். 60 டிகிரியோ அதற்கு மேலோ சூட்டில் நாளுக்கு 700 மில்லிக்கு மேல் குடித்தவர்களுக்கு, குறைந்த சூட்டில் குறைவாகக் குடித்தவர்களைவிட 90 சதவீதம் அதிக ஆபத்து.

நம்ம பக்கம் மேகமலை, போடிமெட்டு, குமுளி என்று மேலே போனால் தேயிலைத் தோட்டம், கீழே இறங்கினால் பத்தடிக்கு ஒரு டீக்கடை. "சூடா, ஸ்ட்ராங்கா" என்று கேட்டு வாங்கி, நின்ற வாக்கில் நாலு மடக்கில் முடிக்கிற ஆட்கள் நாம். டீயை விடச் சொல்லவில்லை. ஆற்றிக் குடிக்கலாம். டபரா இருக்கிறது, எதற்கு இருக்கிறது? எங்க அப்பத்தா நீட்டி ஆற்றித் தந்த அந்த இரண்டு நிமிஷத்துக்கு எந்த அமில–காரப் பட்டியலையும்விட ஆதாரம் அதிகம்.

உணவைப் பற்றி என்ன சொல்லலாம்? காய், பழம் நிறைய எடுப்பவர்களுக்கு ஆபத்து குறைவாக இருக்கலாம் என்பதற்கு அறிகுறிகள் உண்டு, உறுதி குறைவு. சீனாவின் லின்சியனில் 29,584 பேருக்கு ஐந்து வருஷம் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின், வைட்டமின் இ, செலினியம் சேர்ந்ததில் மொத்த மரணம் கொஞ்சம் குறைந்தது, முக்கியமாக இரைப்பைப் புற்றில். உணவுக்குழாய்ப் புற்றில் குறிப்பிடும்படி குறையவில்லை. உணவை நம்பிப் புகையிலையைக் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது.

தாளை என்ன செய்வது?

ஒரு நண்பர் என் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கேட்டார்: "காய்கறி சாப்பிடச் சொல்ற தாள்தானே, இருந்துட்டுப் போகட்டுமே, என்ன நட்டம்?" நானும் அன்றைக்கு ஆடி மாசம் அப்படித்தான் நினைத்தேன். நட்டம் இருக்கிறது. அது ஒரு அறிகுறிக்கு விளக்கம் கொடுத்துவிடுகிறது. விளக்கம் கிடைத்த மனிதர் டாக்டரிடம் போகமாட்டார். உலக அளவில் 2020-ல் சுமார் 6,04,000 பேருக்கு இந்தப் புற்று புதிதாக வந்தது, சுமார் 5,44,000 பேர் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதன் பொருள், பெரும்பாலோர் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்பதுதான். ஐந்து மாசம் முன்னால் போயிருந்தால் சித்தப்பா பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. கேட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

போன மாசம் ஊருக்குப் போனபோது சித்தியிடம் இதையெல்லாம் எக்செல் இல்லாமல் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த மனுசன் திராச்சைய ஆசையா பாத்துக்கிட்டு நிப்பாரேய்யா" என்றார். தாளை அவரே பிரித்து எடுத்தார். அந்த இடத்தில் நான் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

சோறோ கறியோ நெஞ்சில் நிற்கிற மாதிரி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், குரல் கம்மினால், எண்டோஸ்கோப்பி செய்யணுமா என்று டாக்டரிடம் கேள். தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. பீடி, புகையிலை, பாக்கு, சாராயம் வேண்டாம். டீயை ஆற்றிக் குடி. திராட்சை சாப்பிடு.

குடும்ப வாட்ஸப் குழுவிலும் இதையே போட்டேன். இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். மூன்றாவதாக ஒரு மாமா, "மாப்ள, எனக்கும் ரெண்டு மாசமா முழுங்கறப்ப லேசா அடைக்குது" என்று தனியாகச் செய்தி அனுப்பினார். திங்கட்கிழமை அழைத்துப் போகிறேன்.